உங்கள் பேட்டை எந்தப் பக்கம்? படிவம் 20: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

தி. நகர் யார் கோட்டை என்று கேட்டால் பாண்டி பஜாரில் ஒரு பதில் வரும். மேற்கு மாம்பலத்தில் வேறொன்று சொல்வார்கள். கோடம்பாக்கத்தில் இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள். எல்லாமே தெருவில் பார்த்த கொடியையும் வீட்டுக்கு வந்த வட்டச் செயலாளரையும் வைத்துச் சொல்வது. எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் பொதுமக்கள் கைக்கு எட்டுவது ஒரே ஆவணம்தான்: தேர்தல் முடிந்தபின் தொகுதிவாரியாக வெளியாகும் படிவம் 20, அதாவது இறுதி முடிவுத் தாள். எந்த பூத்தில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று அது சொல்கிறது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கருத்துக்கணிப்பு, சாதிக் கணக்கு எதுவும் இதற்கு ஈடாகாது. ஆனால் இறக்கிய கையோடு படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பொருளும் அல்ல. எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைப் பெரும்பாலும் தி. நகர்த் தொகுதியை (எண் 24) வைத்தே பார்க்கலாம்.

தி. நகரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுகவின் ஜெ. கருணாநிதி 56,035 ஓட்டும் அதிமுகவின் சத்யநாராயணன் 55,898 ஓட்டும் வாங்கினார்கள். வித்தியாசம் 137. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அது. சாவடிக்குச் சராசரியாக ஒரு ஓட்டுகூட வராது. இப்படிப்பட்ட தொகுதியில் 'இந்தத் தெரு அவர்களுக்கு, அந்தத் தெரு இவர்களுக்கு' என்று வாய்ப்பேச்சாகச் சொல்வது செல்லாது. தாளைத் திறந்துதான் ஆக வேண்டும்.

தாளின் அமைப்பு எளிது. இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண். அடுத்து ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பத்தி. அதன்பின் செல்லுபடியான மொத்தம், நிராகரிக்கப்பட்டவை, நோட்டா, மொத்தம், கடைசியில் டெண்டர் ஓட்டு. சாவடிகள் முடிந்ததும் மூன்று வரிகள்: இயந்திர ஓட்டுகளின் கூட்டுத்தொகை, தபால் ஓட்டு, இரண்டும் சேர்ந்தது. கீழே தேர்தல் நடத்தும் அதிகாரியின் கையெழுத்து. மக்களவைத் தேர்தல் என்றால் உள்ளே அடங்கும் சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தாள் உண்டு. தென்சென்னைக்கு விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தி. நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்று ஆறு. சட்டமன்றத் தேர்தலையும் மக்களவைத் தேர்தலையும் ஒரே பரப்பில் வைத்து ஒப்பிட முடிவது இதனால்தான். இதன் பெரிய பலம் இதுவே.

டெண்டர் ஓட்டுப் பத்தியைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஒருவர் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டிருந்தால், உண்மையான வாக்காளருக்கு 49-பி விதிப்படி சீட்டு கொடுத்து அதைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. அந்தப் பத்தியில் பூஜ்யத்துக்கு மேல் ஒரு எண் இருந்தால் அந்தச் சாவடியில் ஆள்மாறாட்டமோ, பட்டியலில் தவறான பெயருக்கு எதிரே குறித்த பிழையோ நடந்திருக்கிறது என்று பொருள். ஒன்றிரண்டு இருந்தால் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒரே பள்ளிக்கூடத்தின் பல சாவடிகளில் தொடர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும்.

இனி குறைகள். முதல் குறை வடிவம். தாள்கள் பெரும்பாலும் அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டவை. தேட முடியாது, நகலெடுத்து ஒட்ட முடியாது. பக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ இருக்கலாம். கணினியில் தட்டச்சு செய்து உருவாக்கிய அட்டவணையைப் படமாக்கி வெளியிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. மூல அட்டவணைக் கோப்பையும் சேர்த்து ஏற்றினால் ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பு மிச்சமாகும். துல்லியத்துக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். வடிவத்துக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

எழுத்துணரி மென்பொருளில் போட்டால் வேலை பாதி குறையும், ஆனால் பிழை வரும். எந்த இடத்தில் வரும் என்பதும் தெரிந்ததே. 1-ம் 7-ம் மாறும், 3-ம் 8-ம் மாறும். அட்டவணையின் செங்குத்துக் கோட்டை 1 என்று படித்து 45 ஓட்டை 145 ஆக்கிவிடும். பூஜ்யம் இருக்கும் கட்டம் காலியாகி, வலப்பக்கத்து எண்கள் எல்லாம் ஒரு பத்தி இடம்பெயரும். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. ஒரு சுயேச்சைக்குத் திடீரென்று 200 ஓட்டு விழுந்ததுபோல் தெரிந்தால் தொண்ணூறு விழுக்காடு அதுதான் காரணம்.

இதற்கு வழி: முதல் ஐந்து வேட்பாளர்கள், செல்லுபடியான மொத்தம், நோட்டா, மொத்தம் ஆகிய எட்டுப் பத்திகளை மட்டும் எடுங்கள். மற்ற வேட்பாளர்களை 'ஏனையோர்' என்று ஒரே பத்தியில் கழித்தல் கணக்காகப் போட்டுக்கொள்ளலாம். ஏனையோர் எதிர்மறை எண்ணாக வந்தால் அந்த வரி தவறு. பிறகு ஒவ்வொரு பத்தியையும் கூட்டி, தாளின் அடியில் உள்ள இயந்திர ஓட்டு மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு எண்கூட மாறக்கூடாது. தபால் ஓட்டையும் சேர்த்தால் அறிவிக்கப்பட்ட முடிவு வர வேண்டும். தி. நகருக்கு முன் சொன்ன 56,035-ம் 55,898-ம் வரவில்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் பெரும்பாலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். பழைய கணக்குப்பிள்ளைகளின் இந்த உத்தி இங்கே நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது குறை, பத்தித் தலைப்பில் வேட்பாளர் பெயர் இருக்கும், கட்சி இருக்காது. போட்டியிடும் வேட்பாளர் பட்டியலான படிவம் 7-ஏ பக்கத்தில் இல்லாமல் படிவம் 20-ஐத் தொடக்கூடாது. முக்கிய வேட்பாளரின் பெயரிலேயே ஒன்றிரண்டு சுயேச்சைகள் நிற்பது நம் ஊரில் வாடிக்கை. ஒரு எழுத்து முதலெழுத்தில் மாறும், அவ்வளவுதான். ஆர்.கே. நகரில் 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் 59 பேர் நின்றார்கள். அப்படிப்பட்ட தாளில் பத்திகள் பல பக்கங்களுக்கு உடைந்து ஓடும். அங்கே வென்ற டி.டி.வி. தினகரன் சட்டப்படி சுயேச்சை. கட்சி அடிப்படையில் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் குக்கர் சின்னத்துக்கு விழுந்த ஓட்டெல்லாம் 'ஏனையோர்' கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

சரி, எண்கள் கையில் வந்துவிட்டன. 87-ஆம் சாவடி என்றால் எந்தத் தெரு? தாள் சொல்லாது. பள்ளிக்கூடத்தின் பெயர்கூட அதில் இருக்காது. இதற்கு வாக்காளர் பட்டியல் வேண்டும். பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பாகத்தின் முதல் பக்கத்தில் சாவடி இருக்கும் கட்டடம், அந்தப் பாகத்தில் அடங்கும் பிரிவுகள், அதாவது தெருக்கள், ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். பொதுவாகப் பாகம் எண்ணும் சாவடி எண்ணும் ஒன்றே. உங்கள் வாக்காளர் அட்டை எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் தேடல் பக்கத்தில் போட்டால் உங்கள் பாகம் எண் வந்துவிடும். அங்கிருந்து முன்னும் பின்னும் பத்துப் பாகங்களின் முதல் பக்கத்தைப் பார்த்தால் பேட்டை முழுவதும் கிடைக்கும். பாகம் எண்கள் வரைபடத்தில் ஓரளவு அடுத்தடுத்தே ஓடும் என்பதால் இது சிரமமில்லை. சாவடிகளின் தனிப் பட்டியல் ஒன்றும் உண்டு. அனைத்து வாக்காளர்களுக்கா, ஆண்களுக்கு மட்டுமா, பெண்களுக்கு மட்டுமா என்ற பத்தியும் அதில் இருக்கும். பிரித்து வைத்த சாவடிகள் உங்கள் பகுதியில் இருந்தால் அது புதையல். ஒரே தெருக்களின் ஆண்களும் பெண்களும் எப்படிப் பிரிந்து வாக்களித்தார்கள் என்பதை ஊகமில்லாமல் பார்க்கலாம்.

பட்டியலைத் தேர்தல் காலத்திலேயே இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். திருத்தம் வந்ததும் தளத்தில் புதியது ஏறும். பழைய தேர்தலின் படிவம் 20-ஐப் புதிய பட்டியலோடு பொருத்தினால் தெருக்கள் ஒத்துப்போகாது.

பொருத்தும்போது பலர் சறுக்கும் இடம் 2021. கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்ற அளவில் வரம்பு வைத்துத் துணைச் சாவடிகள் ஏராளமாக உருவாக்கப்பட்டன. 2021-ல் தமிழ்நாட்டில் 88,937 சாவடிகள். 2024-ல் 68,321. ஆக 2021 தாளில் 87, 87-ஏ என்று இரண்டு வரிகள் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் மற்ற தேர்தல்களின் 87-உடன் வைக்க வேண்டும். அதுவும் எண் மாறாமல் இருந்தால். சாவடிகளை மறுசீரமைக்கும்போது எண்களே நகரும். எண்ணை நம்பாமல் பள்ளிப் பெயரையும் தெருப் பெயரையும் வைத்துப் பொருத்துங்கள். நாலு தெரு வேறு பாகத்துக்குப் போயிருந்தால் அந்த இரண்டு பாகங்களையும் சேர்த்து ஒரே கூறாக்கிவிடுங்கள். ஒரு பேட்டைக்கு எட்டுப் பத்து சாவடிகளைத் தொகுத்து, நாலாயிரம் ஐயாயிரம் ஓட்டுள்ள கூறாகப் பார்ப்பதே நல்லது. 500 ஓட்டு பதிவான ஒற்றைச் சாவடியில் பத்துப் பேர் மனம் மாறினால் இரண்டு விழுக்காடு ஆடிவிடும். அதை அலை என்று எழுதக்கூடாது.

ஒரு கூறு ஒரு கட்சியின் பக்கம் எவ்வளவு சாய்கிறது, அதாவது அதன் சாய்வு, என்பதை எப்படிக் கணக்கிடுவது? விழுக்காட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். கூறின் விழுக்காட்டிலிருந்து தொகுதியின் விழுக்காட்டைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு கூறில் ஒரு கட்சிக்கு 50, தொகுதி முழுவதும் 40.5 என்றால் சாய்வு 9.5. அடுத்த தேர்தலில் கூறில் 48, தொகுதியில் 45 என்றால் சாய்வு 3. கூறின் விழுக்காடு இரண்டுதான் இறங்கியது, ஆனால் அந்தப் பேட்டையின் தனித்தன்மை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. மாநிலம் முழுக்க வீசிய காற்றைக் கழித்துவிட்டுப் பேட்டையின் சொந்த மனத்தைப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. நோட்டாவை வகுஎண்ணில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவு செய்து எல்லாத் தேர்தலுக்கும் ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள்.

சென்னைக்கு இந்தக் கழித்தல் இல்லாமல் முடியாது. 2011-ல் நகரின் 16 தொகுதிகளில் 14-ஐ அதிமுக அணி எடுத்தது. 2016-ல் மாநிலத்தை அதிமுக வென்றபோதும் சென்னையில் திமுக 10, அதிமுக 6. 2021-ல் 16-ம் திமுக அணிக்கு. தொகுதிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு நகரமே பத்தாண்டில் தலைகீழானதுபோல் தெரியும். ஆர்.கே. நகர், ராயபுரம், பெரம்பூர், விருகம்பாக்கம், தி. நகர், மயிலாப்பூர் என்று 2016-ல் அதிமுக வென்ற ஆறில் பெரம்பூர் 519 ஓட்டில் நின்றது. மயிலாப்பூரில் பதினாலாயிரத்துக்கும் மேல் வித்தியாசம். இரண்டும் பட்டியலில் ஒரே நிறம்தான்.

அடுத்து கூட்டணி. இங்கேதான் பாதிப் பேர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். 2021-ல் தி. நகரில் அதிமுக வாங்கிய ஓட்டில் பாஜக ஆதரவாளர்களின் ஓட்டும் அடக்கம், இரண்டும் ஒரே அணி. அதில் எவ்வளவு யாருடையது என்று அந்தத் தாளை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஆனால் மற்ற தாள்கள் உதவும். 2016-ல் இரு கட்சிகளும் தனித்தனி, பாஜகவுக்கு எச். ராஜா இதே தொகுதியில் நின்றார். 2022 மாநகராட்சித் தேர்தலிலும் தனித்தனி. 2024 மக்களவையிலும் தனித்தனி: தென்சென்னையில் திமுகவின் தமிழச்சி தங்கபாண்டியன் வென்றார், பாஜகவின் தமிழிசை இரண்டாவது, அதிமுகவின் ஜெயவர்தன் மூன்றாவது. இந்த மூன்றிலும் பாஜகவின் சாய்வு எந்தக் கூறுகளில் மேலே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் 2021-ன் ஒட்டுமொத்த எண்ணுக்குள் என்ன கலந்திருந்தது என்பது ஓரளவு புலப்படும். மேற்கு மாம்பலத்தில் அடங்கும் 134-வது வார்டு 2022-ல் பாஜகவுக்குப் போனது தற்செயலா, பழைய சாய்வின் தொடர்ச்சியா என்ற கேள்விக்கும் இதுதான் வழி. சென்னையின் 200 வார்டுகளில் அந்தக் கட்சி வென்றது அது ஒன்றே. ஒன்றை மனத்தில் வையுங்கள்: 2016-ல் ராஜாவும் 2024-ல் முன்னாள் ஆளுநரான தமிழிசையும் தெரிந்த முகங்கள். வேட்பாளருக்கு விழுந்த ஓட்டையும் கட்சிக்கு விழுந்ததையும் தாள் பிரித்துக் காட்டாது.

சின்னம் மாறினால் ஓட்டும் மாறுமா என்று சோதிக்க விரும்புபவர்கள் பெரம்பூருக்குப் போக வேண்டும். 2019 ஏப்ரல் 18 அன்று அங்கே மக்களவைத் தேர்தலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து நடந்தன. ஒரே வாக்காளர், ஒரே நாள், ஒரே சாவடி, இரண்டு பொத்தான்கள். இடைத்தேர்தலில் அதிமுக அணிக்கு இரட்டை இலை, வடசென்னை மக்களவைக்கு அதே அணியில் தேமுதிகவின் முரசு. இரண்டு படிவம் 20-களையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துக் கழித்தால், இலைக்குப் போட்ட கை எந்தெந்த சாவடியில் முரசுக்குப் போகவில்லை என்று தெரிந்துவிடும். கூட்டணி ஓட்டு இடம் மாறுவதைப் பற்றித் தொலைக்காட்சி விவாதங்களில் சொல்லப்படுவதில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கழித்தல் சரிபார்த்துவிடும். படிவம் 20-ஐக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி சென்னையில் இல்லை.

தபால் ஓட்டு விஷயத்தில் தாள் கைவிரிக்கிறது. தொகுதிக்கு ஒரே வரி, எந்தப் பாகத்திலிருந்து வந்தது என்ற தகவல் இல்லை. முன்பு இது தேர்தல் பணியாளர்கள், ராணுவத்தினர் சம்பந்தப்பட்டதாக மட்டும் இருந்ததால் பேட்டைக் கணக்கைப் பாதிக்கவில்லை. 2021-ல் 80 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தபால் ஓட்டு வந்தது. 2024-ல் வயது வரம்பு 85 ஆனது. மேற்கு மாம்பலம், மயிலாப்பூர் மாதிரி முதியவர்கள் நிறைந்த இடங்களில் ஒரு பகுதி ஓட்டு சாவடி வரியிலிருந்து நழுவித் தபால் வரிக்குப் போய்விடுகிறது. 137 ஓட்டில் முடிந்த தொகுதியில் இது சின்ன விஷயமல்ல. தபால் வரியின் கட்சிவாரிப் பங்கைத் தனியே எழுதிவையுங்கள், சாவடிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முயலாதீர்கள்.

சில தாள்களில் ஒரு சாவடிக்கு எதிரே எல்லாமே பூஜ்யமாக இருக்கும். பயப்பட வேண்டாம். வாக்குப்பதிவுக்கு முன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு அழிக்க வேண்டும். அழிக்க மறந்த இயந்திரத்தை எண்ணிக்கையின்போது ஒதுக்கி வைப்பார்கள், வெற்றி வித்தியாசம் அந்த இயந்திரத்தில் பதிவான ஓட்டைவிடப் பெரிதாக இருந்தால் எண்ணாமலே விடலாம். அந்த வரியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். யாரும் வாக்களிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

வாக்குப்பதிவு விழுக்காடு தனிப் பாடம். படிவம் 20-ல் சாவடிவாரியாகப் பதிவான ஓட்டு உண்டு, சாவடிவாரி மொத்த வாக்காளர் எண்ணிக்கை இல்லை. அதைப் பட்டியலிலிருந்து நாம்தான் எடுத்துச் சேர்க்க வேண்டும். சென்னைக்கு இது முக்கியம், ஏனென்றால் இங்கே வாக்களிக்காதவர்களும் ஒரு பெரும் கட்சி. 2024-ல் தென்சென்னையும் மத்திய சென்னையும் 54 விழுக்காட்டை ஒட்டி நின்றன. 2022 மாநகராட்சித் தேர்தலில் நகரம் 44-ஐக்கூடத் தொடவில்லை. எனவே கட்சியின் பங்கைப் பதிவான ஓட்டில் மட்டும் பார்க்காமல் மொத்த வாக்காளரிலும் பாருங்கள். ஒரு கூறில் ஒரு கட்சியின் விழுக்காடு ஏறியிருக்கும், ஆனால் வாங்கிய ஓட்டு இறங்கியிருக்கும். எதிர்த்தரப்பு ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதை மனமாற்றம் என்று படிப்பது தவறு.

மொத்த வாக்காளர் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள் பெயர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த பட்டியல் இது. 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன, சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். விளைவை ஒரு சாவடியில் பாருங்கள்: ஆயிரம் பெயரில் 540 ஓட்டு என்றால் 54 விழுக்காடு. பட்டியலிலிருந்து 300 பெயர் போய், அதே 540 பேர் மறுபடி வந்து போட்டால் 77 விழுக்காடு. யாரும் புதிதாக வரிசையில் நிற்கவில்லை. திருத்தத்துக்கு முன்னும் பின்னுமான தேர்தல்களை ஒப்பிடும்போது விழுக்காட்டை ஒதுக்கிவிட்டுப் பதிவான ஓட்டின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆள் இருக்கும் இடமும் பெயர் இருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்பதும் இல்லை. கூவம், அடையாறு கரையோரத்திலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் பலரின் ஓட்டு பழைய முகவரியிலேயே தங்கிவிட்டது. தேர்தல் நாளில் பேருந்து பிடித்துப் பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்து போட்டவர்களும் உண்டு, வராமல் விட்டவர்களும் உண்டு. காலியான கரையோரத்துச் சாவடியில் பதிவு சரிந்தால் காரணம் இதுதான், அரசியல் சலிப்பல்ல.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சாவடி பேசுவது சாவடியைப் பற்றி, மனிதர்களைப் பற்றியல்ல. ஒரு பாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் வாரியக் குடியிருப்பும் சேர்ந்திருந்தால், ஒரு கட்சிக்கு விழுந்த 60 விழுக்காடு எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தெருவின் சாதியையோ மதத்தையோ ஊகித்து, சாவடி எண்ணோடு ஒட்டி, 'இன்னார் இன்னாருக்குத்தான் போட்டார்கள்' என்று வரும் பதிவுகள் எண்களால் நிரூபிக்கப்பட்டவை போலத் தோன்றும். இல்லை. ஒரே மாதிரியான மக்கள் மட்டுமே வாழும் பாகம் சென்னையில் அபூர்வம். நபர் அளவிலான கேள்விக்கு லோக்நிதி போன்ற ஆய்வு அமைப்புகள் நடத்தும் தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகள்தான் பொருத்தம். அவை பேட்டை அளவுக்கு இறங்கி வராது என்பது வேறு விஷயம். தொகுதி அளவிலான நீண்ட வரலாறு மட்டும் போதுமென்றால் அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் தரும் லோக் டாபா தரவு தயார் நிலையில் கிடைக்கிறது, அதற்குப் படிவம் 20-ஓடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இந்தத் தாளைக் கட்சிகள் எப்போதோ கரைத்துக் குடித்துவிட்டன. பாக முகவர், பூத் கமிட்டி, சக்தி கேந்திரம் என்று ஒவ்வொரு கட்சியும் சாவடி அளவில் ஆள் வைத்திருப்பதன் அடிப்படை இந்த வரிகள்தான். எந்தத் தெருவில் லீடிங், எந்தத் தெருவில் அடி என்று வட்டச் செயலாளருக்கு மனப்பாடம். இதில் ஒரு உண்மையான கவலை இருக்கிறது. வாக்குச் சீட்டுக் காலத்தில் மிரட்டல் அச்சம் உள்ள இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண 59-ஏ விதி இடம் தந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியும் தனியே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-ல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. அது வந்தால் நாம் பேசும் இந்த ஆய்வு முடிந்துபோகும். இருந்தாலும், ஓட்டுப் போடாத தெருவுக்குத் தண்ணீர் லாரி தாமதமாகும் என்று ஒரு வாக்காளர் பயப்பட வேண்டிய நிலை இருக்குமானால், ஆய்வாளர்களின் வசதி இரண்டாம் இடத்துக்குத்தான் போக வேண்டும். அதுவரை இந்தத் தாள் கட்சி அலுவலகங்களில் மட்டும் இல்லாமல் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கையிலும் இருப்பது நியாயம்.

உள்ளாட்சிக்கு இந்த அளவு வசதி இல்லை. மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், முடிவுகள் வார்டு அளவில்தான் எளிதாகக் கிடைக்கும். வார்டு எல்லையும் பாக எல்லையும் எல்லா இடத்திலும் பொருந்தாது. தி. நகர்த் தொகுதி வரைபடத்தின் மேல் வார்டு வரைபடத்தை வைத்து, எந்தப் பாகங்கள் முழுமையாக ஒரு வார்டுக்குள் விழுகின்றன என்று பிரித்து, அவற்றை மட்டும் ஒப்பிடுவதே பாதுகாப்பு.

உங்கள் தொகுதியின் தாளில் ஒரு பக்கம் மங்கலாகவோ விடுபட்டோ இருந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். சென்னைக்கு அது மாநகராட்சி ஆணையர், ரிப்பன் மாளிகை. மனுவில் தொகுதி எண், தேர்தல் ஆண்டு, பக்க எண், படிக்க முடியாத சாவடி எண்கள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதானால் மின்னணு அட்டவணை வடிவில் வேண்டும் என்று தனி வரியாக எழுதுங்கள். அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் பூத் ஏஜென்டாக இருந்தவர்களைப் பிடித்தாலும் நல்லதுதான். வாக்குப்பதிவு முடிந்ததும் அவர்களிடம் கொடுக்கப்படும் படிவம் 17-சி நகலில் அந்தச் சாவடியின் மொத்த வாக்காளரும் பதிவான ஓட்டும் இருக்கும். படிவம் 20-ன் மொத்தப் பத்தியை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.